மூளையின் கையெழுத்து



சொல்வதெழுதுதல் என்றொரு பயிற்சி வகுப்பறையில் உண்டு. ஆசிரியர் ஒரு பத்தியைச் சிறிது சிறிதாகப் படிப்பார். மாணாக்கர் செவியால் கேட்டுக் கையால் எழுதுவர். எழுத்துப் பிழைகளை அறிவதற்கு இதனினும் எளிய சோதனை இல்லையென்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அச்சோதனை வேறொன்றையும் அளக்க வல்லது என்பதை அங்கே எவரும் சொல்லவில்லை. அதை நான் ஒரு சிறுமியிடம் கற்றேன். கற்பதற்கு முன்னால் அவளைப் பிரம்பால் அடித்தும் இருந்தேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மூளை; அதை அளக்கும் வழிகள்; உணர்வு என்று நாம் சொல்கிறோமே, அதன் இயல்பு. இவை பெரிய பொருள்கள். பெரிய பொருளுக்குள் புகுவதற்குச் சிறிய வாயில் ஒன்று வேண்டும். எனக்குக் கிடைத்த வாயில் அந்தச் சிறுமியின் சொல்வதெழுதுதல் ஏடு.

1984ஆம் ஆண்டு. பாகூரை அடுத்த ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான் ஆசிரியன். அவள் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுள் ஒருத்தி. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அந்த ஆண்டின் நடுவில் அவளுடைய ஏட்டில் ஒரு புதுமை தோன்றியது. எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் சொற்கள் காணாமற்போயின. ஒரு நாள், "பாகூர் ஏரியில் நீர் நிரம்பினால் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் இரண்டு போகம் நெல் விளையும்" என்று சொன்னேன். அவள் எழுதியிருந்தது, "பாகூர் ஏரியில் நீர் நிரம்பினால் போகம் நெல் விளையும்" என்பது. இடையில் நான்கு சொற்கள் இல்லை. அடுத்த பத்தியிலும் அப்படியே ஓரிடத்தில் பள்ளம். சில சமயம் பென்சில் தாளின்மீது ஓர் இழுப்பு இழுத்து நின்றிருக்கும்.

கவனமில்லை என்று நான் முடிவு கட்டினேன். கண்டித்தேன். ஒரு வாரம் பொறுத்து, "ஏனம்மா சொற்களை விடுகிறாய்?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நான் விடலை சார். நீங்கதான் விட்டு விட்டுச் சொல்றீங்க" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. துடுக்குத்தனம் என்று எண்ணிய நான் பிரம்பை எடுத்தேன். அவள் அன்று சொன்னது முழு உண்மை என்பது எனக்குத் தெரிந்தபோது மூன்று மாதம் கடந்துவிட்டிருந்தது.

உண்மையைக் கண்டவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க வந்த மருத்துவ அம்மையார். சிறுமி பேசிக்கொண்டே இருக்கையில் ஓரிரு நொடி விழித்தபடி நின்றதை அவர் கவனித்தார். ஒரு சிறு தாளை அவள் முகத்துக்கு முன் பிடித்து, "இது ஆடிக்கொண்டே இருக்கும்படி மூன்று நிமிடம் மூச்சை வேகமாக இழுத்து ஊது" என்றார். இரண்டாவது நிமிடம் முடியுமுன் தாள் ஆடுவது நின்றது. அவள் விழவில்லை, கைகால் வெட்டவில்லை. கண்கள் திறந்திருந்தன, இமை மட்டும் மெல்லத் துடித்தது. பெயர் சொல்லி அழைத்தோம், தோளைத் தொட்டோம், பதில் இல்லை. ஏறக்குறைய பத்து விநாடி. பிறகு, எதுவும் நடவாததுபோல, மறுபடியும் ஊதத் தொடங்கினாள். "இதுவும் வலிப்பு நோயில் ஒரு வகைதான், ஐயா" என்றார் அம்மையார். வலிப்பென்றால் கீழே விழுந்து நுரை தள்ளுவது ஒன்றே என்று எண்ணியிருந்தவன் நான்.

அவர் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு, சிறுமியும் அவள் தந்தையும் நானும் கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் பேருந்தில் புதுவை சென்றோம். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில்தான் மூளை எழுதுவதை முதன்முதலில் கண்டேன்.

எழுதுவது என்று நான் அணியாகச் சொல்லவில்லை. அக்கருவியின் பெயர் எலெக்ட்ரோ என்செபலோகிராப். மூளையின் மின்சாரத்தை எழுதுவது என்பதே அதன் பொருள். பணியாளர் ஒருவர், தையற்காரர் உடம்பை அளப்பதுபோல, நாடா கொண்டு சிறுமியின் தலையை அளந்தார். மூக்கின் மேடும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டையின் புடைப்பு வரையுள்ள தூரத்தைப் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று பங்கிட்டுப் புள்ளிகள் வைத்தார். உலகமெங்கும் இந்த ஒரே முறையில்தான் புள்ளி வைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளில் பசை தடவிச் சிறு உலோக வில்லைகளை ஒட்டினார். வில்லைகளிலிருந்து கம்பிகள் பெட்டிக்குச் சென்றன. பெட்டியின்மேல் நீண்ட தாள் விநாடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் ஓட, வரிசையாக நின்ற பேனாக்கள் அதன்மீது நடுங்கி நடுங்கிக் கோடிட்டன. (இப்போது தாளும் பேனாவும் போய்க் கணிப்பொறித் திரை வந்துவிட்டது. அந்தப் பேனாக்களின் கீச்சொலி இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.)

அந்தக் கோடுகள் எதை எழுதுகின்றன? மனித மூளையின் எடை ஏறக்குறைய 1,300 அல்லது 1,400 கிராம். உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆயினும், ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அதனுள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்பது இன்றைய கணக்கு. ஒவ்வோர் அணுவும் தன் சவ்வுக்கு உள்ளும் புறமும் சோடியம், பொட்டாசியம் முதலிய உப்பு அயனிகளை வேறுபட்ட அளவில் நிறுத்தி வைத்து, அதனால் சிறிய மின்னழுத்தம் ஒன்றைக் காத்து வருகிறது. செய்தி வரும்போது சவ்வின் வாயில்கள் திறக்கின்றன, அயனிகள் பாய்கின்றன, அழுத்தம் மாறுகிறது. செய்தி அடுத்த அணுவுக்குப் போகிறது. அவ்வளவே.

ஓர் அணுவின் மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே வந்து சேராது. பல்லாயிரம் அணுக்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் வில்லைக்கு ஏதேனும் எட்டும். எட்டுவதும் எவ்வளவு? டார்ச் விளக்கில் போடும் பாட்டரி 1.5 வோல்ட். அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதைப் பெருக்கிக் காட்டுவதே கருவியின் வேலை.

நம்மூர் மூலநாதர் கோயில் தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தெருவில் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். நீங்கள் தொலைவில் ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். வளையல் வாங்குபவர், பிள்ளையைத் தேடுபவர், வழக்குப் பேசுபவர் என ஒவ்வொருவரும் தத்தம் காரியத்தைப் பேசும்போது உங்கள் காதில் விழுவது ஓர் இரைச்சல் மட்டுமே. வடம் பிடித்தவர் அனைவரும் ஒரே குரலில் முழங்கும்போது அது தெளிவாகக் கேட்கிறது. விழித்து, கண்ணைத் திறந்து, வேலை செய்துகொண்டிருக்கும் மூளை தருவது முதல்வகை இரைச்சல். சிறிய, ஒழுங்கற்ற அலைகள். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் தலையின் பின்பகுதியில் விநாடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரை ஒழுங்கான அலைகள் எழுகின்றன. இவற்றுக்கு ஆல்பா அலைகள் என்று பெயர். கண்ணைத் திறந்தால் மறைந்துவிடும்.

இந்த அலைகளைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஹான்ஸ் பெர்கர் என்பவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநோய் மருத்துவர். இளமையில் படைப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளில் தொலைவிலிருந்த அவருடைய தமக்கைக்குக் காரணமில்லாமல் அச்சம் உண்டாகி, நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தம் மனம் அவள் மனத்துக்குச் செய்தி அனுப்பியது என்று அவர் நம்பினார். அந்த ஆற்றலைக் கருவியால் பிடிக்க வேண்டும் என்று பல்லாண்டு உழைத்தார். தேடிய பொருள் கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. 1924இல் மனிதத் தலையிலிருந்து மின்னலைகளைப் பதிந்தார். ஐந்தாண்டுகள் தம்மையே ஐயுற்றுச் சோதித்து 1929இல் வெளியிட்டார். உலகம் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்ற இருவர் தாமே செய்து பார்த்து உறுதி கூறிய பின்னரே ஏற்றுக்கொண்டது. தவறான எண்ணத்தோடு புறப்பட்டும், அளவையில் நேர்மை தவறாதிருந்தமையால் உண்மையை அடைந்தவர் பெர்கர். இவரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இனிப் புதுவை மருத்துவமனைக்குத் திரும்புவோம். சிறுமியை மூச்சிழுக்கச் சொன்னார்கள். பேனாக்கள் வழக்கம்போல் நடுங்கிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாப் பேனாக்களும் ஒருங்கே துள்ளின. ஒரு கூரிய முள், ஒரு வட்டமான அலை. மீண்டும் முள், மீண்டும் அலை. விநாடிக்கு மூன்று என, தறியோடுவது போன்ற ஒழுங்கு. அலைகளின் உயரம் முன்னிருந்ததைப் போலப் பல மடங்கு. நான் சிறுமியின் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் அவள் இல்லை. மருத்துவர் குனிந்து அவள் காதருகே "கிளி" என்றார். சில விநாடிகளில் துள்ளல் நின்றது. பேனாக்கள் பழைய நடுக்கத்துக்குத் திரும்பின. மருத்துவர் "குதிரை" என்றார். பிறகு, "நான் உனக்கு என்னென்ன சொன்னேன்?" என்று கேட்டார். "குதிரைன்னு சொன்னீங்க" என்றாள். "அதற்கு முன்?" "ஒன்றும் சொல்லலையே."

தாளை அளந்தேன். துள்ளல் நீண்ட இடம் ஒரு சாணுக்குச் சற்று மேல். ஒன்பது விநாடி. அந்த ஒரு சாண் தாளில் காணாமற்போனது ஒரு கிளி. என் வகுப்பில் காணாமற்போனவை நான்கு சொற்கள். என்னிடமும் ஒரு தாள் இருந்தது. ஐந்து மாதமாக அதே செய்தி அதில் எழுதப்பட்டிருந்தது. நான் அதற்குச் சிவப்பு மையால் மதிப்பெண் குறைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முள்ளும் அலையும் 1935இல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் என்போரால் அடையாளம் காணப்பட்டவை. மூளையின் நடுவே தாலமஸ் என்றொரு பகுதி உண்டு. கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள் மூளையின் புறணிக்குச் செல்லும் வழியில் அமைந்த நிலையம் அது. அதற்கும் புறணிக்கும் இடையே ஓயாத போக்குவரத்து நடக்கிறது. இவ்வகை வலிப்பில் இரண்டும் ஒரே தாளத்தில் மாட்டிக்கொள்கின்றன. தேர் உவமையை மறுபடி எடுங்கள்: ஆயிரம் பேரும் தத்தம் பேச்சை விட்டு, ஒரே சொல்லை விநாடிக்கு மூன்று முறை கத்தத் தொடங்கினால் என்னாகும்? ஓசை பெரிது, ஆனால் வளையல் விற்காது, தொலைந்த பிள்ளை அகப்படாது. மூளையின் அலை எப்போது மிகப் பெரிதாக எழுந்ததோ அப்போதுதான் சிறுமிக்கு உணர்வு இல்லை. உணர்வு என்பது மின்சாரத்தின் மிகுதி அன்று; பல பகுதிகள் வெவ்வேறு வேலை செய்துகொண்டே தமக்குள் செய்தி மாற்றிக்கொள்ளும் நிலையோடு அது பிணைந்தது என்ற கருத்துக்கு இதைவிட எளிய சான்று நான் அறியேன்.

நம் நாட்டில் இத்துறை எவ்வாறு வளர்ந்தது என்று கேட்பீர்கள். 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறைகளைத் தொடங்கினார்கள். சாண்டி, கனடாவில் மான்ட்ரியால் நகரத்து வைல்டர் பென்பீல்டிடம் பயின்றவர். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்து, மெல்லிய மின்சாரத்தால் இடம் இடமாகத் தொட்டு, எந்த இடம் கையை அசைக்கிறது, எது பேச்சை நிறுத்துகிறது என்று வரைபடம் வரைந்தவர் பென்பீல்டு. மூளைக்குத் தன்மீது படும் தொடுகையை உணரும் நரம்பு இல்லையாதலால் இது நோவு தராது. ஆனால் ஒன்று காண்க: மின்சாரம் தொட்டுக் கை அசைந்தபோது, அசைத்தது தாமல்லர், மருத்துவரே என்று நோயாளிகள் கூறினார்கள். கை ஒன்றுதான், அசைவும் ஒன்றுதான். தான் செய்ததற்கும் தனக்குச் செய்யப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தில்லியில் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் என்ற மூவர் யோகியரின் மூளை அலைகளைப் பதிந்து 1961இல் வெளியிட்டனர். தியானத்தில் ஆழ்ந்த யோகியருக்கு ஒளி, ஓசை முதலியவற்றால் ஆல்பா அலை கலையவில்லை. இருவர் பனிக்கட்டி போன்ற குளிர்நீரில் முக்கால் மணி நேரம் கையை வைத்திருந்தனர். அப்போதும் அலை மாறவில்லை. இதைக் கொண்டு சமாதியையே கருவி அளந்துவிட்டது என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது மிகை. வெளியுலகச் செய்திக்கு மூளை வழக்கம்போல் விடையிறுக்கவில்லை என்பதைத்தான் கருவி சொல்லிற்று. யோகி உள்ளே கண்டது யாது என்பதைக் கருவி சொல்லவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின் அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன் செய்த ஆய்வுக்குக் கண்ணாடி ஒன்றே கருவி. கை வெட்டப்பட்டவர் சிலருக்கு இல்லாத கை இருப்பதுபோல் தோன்றும். அது இறுக மூடி வலிக்கவும் செய்யும். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, உள்ள கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார் அவர். உள்ள கையை விரித்தால் இல்லாத கையும் விரிந்ததாகச் சிலருக்குத் தோன்றி வலி குறைந்தது. நம் உடம்பு என்று நாம் உணர்வது மூளை தீட்டும் ஒரு படமே என்பதற்கு இது சான்றாகிறது. நம்மைப் போலவே அவரும் வானொலியில் பேசினார், 2003இல் பி.பி.சி. நடத்திய ரீத் சொற்பொழிவுகள் அவருடையவை.

சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் சிசுவின் மூளையை மிக நுண்ணிய ஏடுகளாகச் சீவிப் படமெடுத்து, 5,132 படங்கள் கொண்ட தொகுதியைத் 'தரணி' என்ற பெயரால் 2024இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மின்னலைக் கருவி 'எப்போது' என்பதை நுட்பமாகச் சொல்லும். 'எங்கே' என்பதை அவ்வளவாகச் சொல்லாது. அக்குறையை நீக்க வந்தது காந்தப் படமெடுக்கும் கருவி. வேலை செய்யும் மூளைப் பகுதிக்குப் புது இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. பிராணவாயு ஏறிய இரத்தமும் இழந்த இரத்தமும் காந்தத்துக்கு வெவ்வேறாகத் தெரிகின்றன. 1990இல் செய்ஜி ஒகாவா கண்ட வழி இது. ஆயினும் இரத்தம் வந்து சேரச் சில விநாடி ஆகும். என் மாணவியின் நான்கு சொற்கள் அதற்குள் போய்விடும்.

இக்கருவியால் நடந்த ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில் விபத்தில் மூளை அடிபட்ட இளம் பெண் ஒருத்தி. கண் திறந்திருக்கிறது, ஆனால் எதற்கும் பதில் இல்லை, உணர்வற்ற நிலை என்று மருத்துவர் முடிவு செய்திருந்தனர். ஏட்ரியன் ஓவன் என்பவர் அவளைக் கருவிக்குள் கிடத்தி, "டென்னிஸ் ஆடுவதாக எண்ணிக்கொள்" என்றார். பிறகு, "உன் வீட்டு அறைகளில் நடப்பதாக எண்ணிக்கொள்" என்றார். இரண்டு கட்டளைக்கும், நலமுள்ளவர் மூளையில் எவ்வெப் பகுதிகள் வேலை செய்யுமோ அவையே அவள் மூளையிலும் வேலை செய்தன. 2006இல் இது வெளியானது. உணர்வு இருந்தும் இல்லாதவளாகக் கருதப்பட்டாள் அவள். என் வகுப்பிலோ, உணர்வு இல்லாத பத்து விநாடிக்கு உணர்வுள்ளவளாகக் கருதப்பட்டு ஒருத்தி அடிபட்டாள். புறத்தோற்றத்தைக் கொண்டு தீர்ப்புச் சொன்னோர் இரண்டிடத்தும் பிழை செய்தோம்.

அப்படியானால் உணர்வு என்பதுதான் என்ன? பேருந்தில் திரும்பி வரும்போது சிறுமியின் தந்தை, "அந்த நேரத்துக்கு எம் பொண்ணு எங்கே சார் போறா?" என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. அறிஞர்களும் அதே இடத்தில் நிற்கிறார்கள். கிறிஸ்டாப் காக் என்ற மூளை ஆராய்ச்சியாளர், நரம்பணுக்களின் செயலிலிருந்து உணர்வு எழும் வழி இருபத்தைந்து ஆண்டுக்குள் தெளிவாகிவிடும் என்று டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரிடம் 1998இல் பந்தயம் கட்டினார். 2023இல் நியூயார்க்கில் கூட்டம் கூட்டி, தாம் தோற்றதாக ஒப்புக்கொண்டு பந்தயப் பொருளைக் கொடுத்தார். பொருள் திராட்சை மது. நாம் இளநீர் என்று வைத்துக்கொள்வோம். தோற்றவர் மறுபடியும் இருபத்தைந்து ஆண்டுக்குப் பந்தயம் வைக்கத் தயாராயிருந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இன்று இதைக் கேட்கும் மாணவர்களுக்கு அப்போது நடுவயது ஆகியிருக்கும்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். பகற்கனவு காணும் பிள்ளையைத் தொட்டு அழைத்தால் திரும்பும். இந்நோயில் அழைத்தாலும் திரும்பாது. ஒரு நாளில் பலமுறை வரும். விளையாடும்போதும் உண்ணும்போதும் பேச்சின் நடுவிலும் வரும். அப்படிக் கண்டால் மருத்துவரிடம் காட்டுக. கீழே விழுந்து வெட்டும் பெரிய வலிப்பில் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் எதுவுமில்லை. வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துக் கிடத்தி, அருகில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாகூரில் வித்தியாஸ்தானம் என்னும் கல்விநிலையம் இருந்தது. அதற்கென்று மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு கூறுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல்விப் பெருமையை நான் வகுப்புதோறும் சொல்லி மகிழ்ந்தவன். அந்த மண்ணில்தான், முன்னாலிருந்த ஒரு பிள்ளையின் ஏட்டைப் படிக்கத் தெரியாமல் ஐந்து மாதம் கழித்தேன்.

சிறுமிக்கு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் ஏட்டிலிருந்த பள்ளங்கள் மறைந்தன. இவ்வகை நோய் பிள்ளைகள் பலரை வளரும் பருவத்தில் தானே விட்டுவிடும்; அவளையும் விட்டது. பதினைந்து வயதில் மருத்துவர் மருந்தை நிறுத்தினார். பல ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெற்றபின், ஏரிக்கரையில் ஒரு மாலை அவளைச் சந்தித்தேன். பேரப்பிள்ளையோடு வந்திருந்தாள். நலம் விசாரித்துவிட்டு, நான் அடித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "டாக்டர் சொன்னதெல்லாம் சரிதான் சார். ஆனா இப்ப நினைச்சுப் பார்த்தாலும், நீங்க விட்டு விட்டுச் சொன்ன மாதிரிதான் எனக்கு இருக்குது" என்றாள்.